ரஞ்சிதம் மெதுவாக நடக்கக் கற்றது

"சகுந்தலாக்கா, பனிக்கட்டி மேல நடக்கிற ஷூ இருக்குதா?"

ரஞ்சிதம் இப்படிக் கேட்டபோது மாசி மாத வெயில் கடைக்குள் பாதி தூரம் வந்திருந்தது. நான் மின்விசிறிக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கேலி செய்கிறாளோ என்று நினைத்து, "இல்லடி, நெருப்பு மேல நடக்கிறதுதான் ஸ்டாக்கு இருக்குது" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் நிஜமாகவே கேட்கிறாள் என்று புரிந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நான் போளூர்க்காரி. ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எங்களுக்குச் செருப்புக் கடை. என் வீட்டுக்காரர் ராஜவேலு வேலூருக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவார். கடையில் உட்கார்வது நான். இத்தனை வருஷமாக மனிதர்களைக் காலில் இருந்து பார்த்தே பழகிவிட்டேன். ரஞ்சிதத்தின் கால் அகலக் கால். விரல்கள் ஒன்றோடு ஒன்று சண்டை போட்டதுபோல விலகி நிற்கும். எந்த அளவும் சரியாகச் சேராது. வருஷத்துக்கு ஒரு ரப்பர் செருப்பு வாங்குவாள். அதையும் ஏற்றத்தில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாள். கேட்டால், தேய்ந்து போகுமாம். செருப்புக் கடைக்காரியிடமே இதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு தைரியம் பாருங்கள்.

"பனிக்கட்டிக்கு இன்னாத்துக்குடி போற?" என்றேன்.

அவள் சொன்னது இதுதான். அவர்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு வேலூரில் இருந்து அருணா என்ற பெண் வந்திருக்கிறாள். மலையேற்றம் சொல்லிக் கொடுப்பது அவள் தொழில். மலை ஊர்களில் இருந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து வைகாசியில் இமயமலைக்குக் கூட்டிப் போகப் போகிறாள். பஸ் போகாத, போன் எடுக்காத ஒரு கணவாயை நடந்து தாண்ட வேண்டும். கூடாரத்தில் படுக்க வேண்டும். செலவெல்லாம் அருணாவின் ஆட்களே பார்த்துக்கொள்வார்கள். எங்கள் மலைப் பக்கத்தில் இருந்து இரண்டு பேருக்குத்தான் இடம். பேர் கொடுத்தவர்கள் நிறைய.

"அங்க கோயில் இருக்குதா?"

"இல்லக்கா."

"பின்ன இன்னா இருக்குது?"

"பனி."

"அத மூட்டை கட்டி எடுத்துனு வரப் போறியா?"

"சும்மா போய்ட்டு சும்மா வர்றதுக்கா" என்றாள். அந்தச் 'சும்மா'வைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணப் பெண்ணுக்குக்கூட அப்படி வெட்கம் வராது.

எனக்கு அது சட்டென்று புரியவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் புரிந்தது. மேல்கொட்டாயில் பிறந்து மேல்கொட்டாயிலேயே வாழ்க்கைப்பட்டவள் ரஞ்சிதம். மலையின் ஓரத்தில், போளூர்ப் பக்கம் சரிவைப் பார்த்த சின்ன ஊர். ரோடு வருவதற்கு முன் எல்லாவற்றுக்கும் அடிவாரத்துக்கு இறங்கி ஏற வேண்டும். புளி தலையில் இறங்கும், உப்பும் மண்ணெண்ணெயும் தலையில் ஏறும். நடக்கத் தெரிந்த வயதில் இருந்து அவள் தலையில் ஏதாவது ஒன்று இருந்திருக்கிறது. புளி, சாமை மூட்டை, விறகு, தண்ணீர், அப்புறம் பிள்ளைகள். நாற்பது வயதை எட்டப் போகிற அவள் ஒரு தடவைகூடக் காரணமில்லாமல் மலை ஏறியதில்லை. காரணமில்லாமல் ஒரு மலை ஏற வேண்டும், அவ்வளவுதான் ஆசை. எனக்கு மனசு இளகிப் போனது. மறுநாளே ராஜவேலுவிடம் சொல்லி, கணுக்கால் மூடுகிற ஷூவில் இருப்பதிலேயே அகலமானதை வேலூரில் தேடிக் கொண்டுவரச் சொன்னேன்.

ஷூ வந்தது. பங்குனி பிறந்ததும் ஒரு நாள் மேல்கொட்டாய் பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். காலில் ஷூவைக் காணோம். எங்கே என்றால், பரணைக் காட்டுகிறாள். எடுத்துப் பார்த்தால், உள்ளே திணித்த காகிதம்கூட எடுக்காமல் அட்டைப் பெட்டிக்குள் இருக்கிறது. இரண்டு ஷூவின் மூக்கிலும் மஞ்சள், குங்குமம்.

"இது யார் வேல?"

"நான்தாங்க வச்சேன்" என்றார் அவள் வீட்டுக்காரர் சின்னராசு. "வண்டி வாங்குனா பொட்டு வைக்கறதில்லீங்களா? அதும் மேல ஏறிப் போற பொருள்தானங்க."

"நல்ல நாள்ல போட்டுக்கலாம்னு வச்சிருக்கேன்க்கா. அங்க போறப்ப புதுசா இருக்கணும்ல" என்றாள் ரஞ்சிதம்.

தலையில் அடித்துக்கொண்டேன். புது ஷூவை முதல் தடவையாகப் பனியில் போட்டால் அரை நாளில் கால் புண்ணாகிவிடும். அது தோல், அதுவும் உன் காலைப் பார்த்துப் பழக வேண்டும், இன்றிலிருந்து தினமும் போட வேண்டும் என்று கத்தினேன். பாவம், பயந்துபோய் அன்றே மாட்டிக்கொண்டாள். புடவை, முழங்கால் வரை தூக்கிச் செருகிய கொசுவம், கீழே இரண்டு கறுப்பு ஷூ. அதோடு ஆடு மேய்த்தாள், தண்ணீர் எடுத்தாள், புளி உலுக்கினாள். சிரிக்காதவர்கள் மேல்கொட்டாயில் யாருமில்லை.

சின்னராசு நல்ல மனிதர்தான். ஆனால் விவசாயி. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம். "அந்தப் பனியில இன்னாங்க வெளையும்?" என்று என்னைக் கேட்டார்.

"ஒண்ணும் வெளையாது."

"ஒண்ணுமே வெளையாத மலைக்கு இவளுக்கு இன்னாங்க வேல?"

"அதனாலதான் போறேன்" என்றாள் ரஞ்சிதம். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். தடுக்கவில்லை.

அந்த வாரமே முதல் சோதனை ஏற்றம். அமிர்திப் பக்கத்துக் காட்டில், வனத்துறை அனுமதி வாங்கி நடத்தினார்கள். இரண்டிரண்டு பேராக ஜோடி. முதுகில் கனமான பை. ரஞ்சிதத்துக்கு ஜோடி கீதாஞ்சலி. அடிவாரத்துப் பெண், போளூரில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். ரஞ்சிதத்தின் பையில் இரண்டு பேருக்கும் தண்ணீர், கீதாஞ்சலியின் பையில் இரண்டு பேருக்கும் சாப்பாடு.

மறுநாள் ரஞ்சிதம் கடைக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"இன்னா ஆச்சு? ஏற முடியலையா?"

"நான்தான்க்கா மொதல்ல ஏறுனேன்."

"அப்புறம் இன்னா?"

"அதனாலதான் வேணாமாம்."

எனக்குப் பொசுக்கென்று கோபம் வரும். வந்தது. முதலில் வந்தவளைத் தள்ளுகிற போட்டியை நான் எங்கும் பார்த்ததில்லை. அவள் போனையே பிடுங்கி அருணாவைக் கூப்பிட்டேன். "இன்னாம்மா நெனச்சுனு இருக்கீங்க? மலைக்காரின்னா எளக்காரமா?" என்று ஆரம்பித்து, மூச்சு வாங்குகிற வரை பேசினேன். அருணா கடைசி வரை காது கொடுத்துக் கேட்டாள்.

"அம்மா, அவங்க மேல வந்து குந்திட்டாங்க" என்றாள். "கீதாஞ்சலி எங்கன்னு கேட்டா, வருதுன்னாங்க. நான் இறங்கிப் போய்ப் பாத்தா அந்தப் பொண்ணு பாதி வழியில கால் நரம்பு இழுத்துனு வெயில்ல கெடக்குது. தண்ணி இவங்க பையில. ரஞ்சிதக்கா ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல."

நான் ரஞ்சிதத்தைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் கெட்டவள் இல்லை. எங்கள் மலையில் பழைய பாதை ஏதாவது ஒன்றில் நடந்தால் வழியில் சுமைதாங்கிக் கல்லைப் பார்க்கலாம். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு பலகைக்கல், ஆள் நெஞ்சு உயரத்துக்கு. தலைச்சுமையை அதன்மேல் தள்ளி வைத்து இளைப்பாறலாம். கல்லில்லாத இடத்தில் சுமையை இறக்க முடியாது. இறக்கினால், திரும்பத் தலையில் ஏற்றிவிட ஓர் ஆள் வேண்டும். ஆகவே கல்லில் கிளம்பினால் அடுத்த கல் வரை நிற்கக் கூடாது, பேசக் கூடாது, திரும்பக் கூடாது. திரும்பினால் கழுத்து பிடித்துக்கொள்ளும். பின்னால் வருகிறவள் அவள் சுமையோடு அவள் வருவாள். இது சின்ன வயதில் இருந்து உடம்பில் ஊறிய பழக்கம். முதுகில் கனம் ஏறியதும் அவள் கால் தானாக அடுத்த கல்லைத் தேடிப் போயிருக்கிறது. அந்தக் காட்டில் கல்லே இல்லை, அதனால் உச்சி வரை போய்விட்டாள்.

இதை எல்லாம் போனில் அருணாவுக்குச் சொன்னேன். இமயமலையில் மேலே போகப் போகக் காற்று கம்மி என்றாள் அவள். வேகமாக ஏறுகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகமாம். முதலில் தலை வலிக்கும். அதைச் சொல்லாமல் ஏறினால் நெஞ்சில் நீர் கோத்து ஆளையே கொண்டு போய்விடும். மெதுவாக, பேசிக்கொண்டே நடக்கிற அளவுக்கு மெதுவாக நடக்க வேண்டும், அடிக்கடி நின்று தண்ணீர் குடிக்க வேண்டும்.

"நீங்க எப்படிம்மா நடப்பீங்க?" என்று கேட்டாள்.

"நானா? கடையில இருந்து எதிர்ல இருக்கிற பஸ் ஸ்டாண்டுக்குப் போறதுக்குள்ள ரெண்டு தடவ நிப்பேன். முட்டி வலி."

"பேசினு நடப்பீங்களா?"

"என் வூட்டுக்காரரக் கேளுங்க."

"அந்த வேகந்தாம்மா வேணும்" என்று அவள் கூவியதில் எனக்குக் காது அடைத்தது. "சித்திரையில இன்னொரு தடவ ஏறுவோம். அது வரைக்கும் ரஞ்சிதக்காவ உங்க பின்னால நடக்கச் சொல்லுங்க. முந்தக் கூடாது. அப்பப்ப எப்படி இருக்குதுன்னு கேளுங்க, அவங்க உண்மையச் சொல்லணும்."

இப்படியாக, வாழ்நாளில் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளாத நான் இமயமலைக்குப் பயிற்சி கொடுக்கிறவள் ஆனேன். இதைக் கேட்டு ராஜவேலு சிரித்த சிரிப்பில் புரையேறியது. இரண்டு நாள் அவருக்கு வெறும் ரசம்தான் வைத்தேன்.

சாயங்காலம் கடையை அவர் பார்த்துக்கொள்வார். நாங்கள் பீமன் அருவிப் பக்கம் போகிற ரோட்டில் நடப்போம். முன்னால் நான், பின்னால் முதுகுப் பையோடு ரஞ்சிதம். முதல் நாள் நாலு எட்டு வைப்பதற்குள் என் குதிகாலை மிதித்தாள். இரண்டாம் நாள் மிதித்ததில் என் செருப்பு வார் அறுந்தது. செருப்புக் கடைக்காரி அறுந்த செருப்பை இழுத்துக்கொண்டு பஜாரில் நடந்ததை ஊரே பார்த்தது. "எருமையா நீ?" என்று திட்டினேன். "நீங்கதான்க்கா எருமை வேகத்துல போறீங்க" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மெதுவாக நடப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. வேகமாக ஏறினால் வேர்க்காதவளுக்கு, என் பின்னால் நடந்தால் வேர்த்தது. நிறுத்தினால் எங்கே நிற்பது என்று கண் சுமைதாங்கியைத் தேடும். தண்ணீர் குடி என்றால், ஏற்றத்தில் குடித்தால் வயிறு இழுக்கும் என்பாள். நான் பேசிக்கொண்டே நடப்பேன். மருமகள் வைக்கிற சாம்பார், என் முட்டி, பக்கத்துக் கடைக்காரனின் கஞ்சத்தனம். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். பதில் வரும்போது மூச்சு வாங்கினால் நின்றுவிட வேண்டும். அதுதான் சட்டம்.

ஒரு நாள் நான் நின்றபோது அவளும் நின்றாள். என்ன தோன்றியதோ, பையைத் தோளில் இருந்து கழற்றித் தரையில் வைத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு குந்தி, இரண்டு வாரிலும் கையை நுழைத்து, எழுந்தாள். பை முதுகுக்கு வந்துவிட்டது. திரும்பவும் இறக்கினாள். திரும்பவும் ஏற்றினாள்.

"இன்னாடி பண்ற?"

"அக்கா, இத எங்க வேணா இறக்கலாம். நானே ஏத்திக்கலாம்" என்றாள். "யாரும் தூக்கிவிட வேணாம்."

அவள் கண் கலங்கியிருந்தது. நான் முட்டி வலியை மறந்து அங்கேயே நின்றேன். அன்றில் இருந்து அவள் எங்கே வேண்டுமானாலும் நின்றாள். சும்மா நின்றாள். கொன்றை பூத்திருந்தால் நிற்பாள், ஆந்தை கத்தினால் நிற்பாள். கடைசியில் "போலாம் வாடி, இருட்டப் போவுது" என்று நான் அவசரப்படுத்துகிற அளவுக்கு வந்துவிட்டது.

நடையும் நிற்பதும் வந்துவிட்டது. உண்மையைச் சொல்வது மட்டும் வரவில்லை. எப்போது கேட்டாலும் ஒரே பதில், "நல்லாத்தான் இருக்கேன்." ஒரு சாயங்காலம் அவள் இடது கால் சரியாகப் பாவவில்லை என்று எனக்குச் சந்தேகம். இரண்டு தடவை கேட்டேன். நல்லாத்தான் இருக்கேன். மூன்றாவது தடவை கேட்கவில்லை. அவளைக் கல்லில் உட்கார வைத்து ஷூவை நானே உருவினேன். சாக்ஸ் குதிகாலோடு ஒட்டியிருந்தது. கொப்புளம் உடைந்து ரத்தம்.

"வாய் இன்னாத்துக்குடி வச்சிருக்க? சோறு திங்க மட்டுமா?" என்று நான் கத்தியதில் ரோட்டில் போன ஸ்கூட்டர்காரன் வண்டியை நிறுத்திவிட்டான்.

அவள் அழவில்லை. சாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, "எங்க காந்தாக்காவும் இப்படித்தான்க்கா" என்றாள்.

காந்தா அவளுடைய கூடப் பிறந்த அக்கா. மேல்கொட்டாய்க்கு ரோடு வராத காலம். காந்தா எட்டு மாதக் கர்ப்பம். பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். நாலைந்து நாளாகத் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டே களை எடுத்திருக்கிறாள். பக்கத்தில் படுத்திருந்த ரஞ்சிதம், "தல வலிக்குதாக்கா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். களை எடுக்கிற நாளில் படுத்துக்கொண்டால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குக் கூச்சம். ஐந்தாம் நாள் வலிப்பு வந்தது. கம்பளியை மூங்கிலில் கட்டித் தூளியாக்கித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியில் தூளிக்குள் அசைவு நின்றுவிட்டது. ரத்தக்கொதிப்பு, தலைவலியை முன்பே சொல்லியிருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம் என்று பின்னால் நர்ஸம்மா சொன்னாராம்.

வயிற்றுச் சுமையோடு போனவளுக்குச் சுமைதாங்கி நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வழியில் போகிறவர்கள் சுமையை இறக்கி வைக்க வைக்க அவள் சுமையும் இறங்கும் என்பார்கள். தூளி நின்ற இடத்தில் காந்தா பேரில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அதன்மேல் புளி மூட்டையை இறக்கி வைத்துத்தான் ரஞ்சிதம் இத்தனை வருஷம் இளைப்பாறியிருக்கிறாள்.

திட்டிய வாயாலேயே அவளைத் தேற்ற எனக்குத் தெரியாது. என் முந்தானையால் அவள் குதிகாலைத் துடைத்துவிட்டு, "இப்ப எப்படி இருக்குது?" என்று மட்டும் கேட்டேன்.

"எரியுதுக்கா" என்றாள்.

சித்திரையில் இரண்டாவது ஏற்றம். அதே அமிர்திக் காடு. கீதாஞ்சலிக்கு ஓர் இடம் முன்பே உறுதியாகிவிட்டது. கால் பிடித்தும், தேறியதும் எழுந்து ஏறி முடித்தவள் அவள். மீதி இருந்தது ஒரே இடம். அதற்கு ரஞ்சிதத்தோடு சேர்த்து ஐந்து பேர். கீதாஞ்சலியும் கூடவே ஏற வந்திருந்தாள். அருணா என்னையும் வரச் சொல்லியிருந்தாள். அவளை நேரில் பார்த்ததும் அன்று போனில் திட்டியதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளோ என் கையைப் பிடித்து வரிசையின் முன்னால் நிறுத்தி, "இவங்கள யாரும் முந்தக் கூடாது" என்று அறிவித்தாள். ஆளுக்கு ஆள் சிரித்தார்கள். நான் தலையை நிமிர்த்தி நடந்தேன்.

வெயில் தீயாக இருந்தது. பாறை சூடேறிக் கீழிருந்தும் கொதித்தது. ரஞ்சிதம் எனக்கு நேர் பின்னால். நிற்கச் சொன்ன இடத்தில் எல்லாம் நின்றாள், பையை இறக்கினாள், தண்ணீர் குடித்தாள், பின்னால் வருகிறவர்களை எண்ணிப் பார்த்தாள். பாதி மலைக்கு மேலே ஒரு மரத்தடியில் எல்லோரும் நின்றோம். உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. அருணா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"எப்படி இருக்குது?"

"நல்லா இருக்கேன் மேடம்." "சூப்பரா இருக்கேன் மேடம்." "எனக்கென்னங்க, ஒண்ணுமில்ல."

ரஞ்சிதத்தின் முறை வந்தது. அவள் உதடு காய்ந்திருந்தது. என்னைப் பார்த்தாள், உச்சியைப் பார்த்தாள். சொன்னால் போச்சு என்று அவள் நினைக்கிறாள், எனக்குத் தெரிந்தது. பாழாய்ப்போன என் மனசும், சொல்லாதேடி, இன்னும் கொஞ்ச தூரம்தானே என்றது. உண்மையைச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

"தல வலிக்குது மேடம்" என்றாள் ரஞ்சிதம். "கண்ணு வேற கூசுது."

அருணா அவள் விரலில் நாடி பார்க்கிற கருவியை மாட்டிப் பார்த்தாள். நிழலில் படுக்க வைத்தாள், உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர் கொடுத்தாள். வெயில் ஏறியிருக்கிறது, பயமில்லை, ஆனால் இனி ஏறக் கூடாது என்றாள். உதவிக்கு வந்த பையன் சதீஸ்குமாரையும் என்னையும் துணைக்கு வைத்து அவளைக் கீழே அனுப்பிவிட்டு, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

அடிவாரத்தில் வேன் நிழலில் உட்கார்ந்ததும் ரஞ்சிதம் உடைந்து போனாள். "போச்சுக்கா. எல்லாம் போச்சு. வாய மூடினு ஏறியிருக்கலாம்." அவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைவலி விட்டுவிட்டது என்று அவளே சொன்னாள். அதைக் கேட்க எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் மற்றவர்கள் இறங்கினார்கள். நாலு பேரும் உச்சி ஏறியிருந்தார்கள். ஆனால் ஒருத்தி இரண்டு தடவை வாந்தி எடுத்ததைப் புதருக்குப் பின்னால் போய் மறைத்திருக்கிறாள். இன்னொருத்திக்குப் பெருவிரல் நகமே பெயர்ந்திருந்தது. மேலே போய் ஷூவைக் கழற்றியபோதுதான் அருணாவுக்கே தெரிந்ததாம்.

அருணா தீர்ப்புச் சொல்லவில்லை. எல்லோரும் கேட்கும்படி கீதாஞ்சலியைப் பார்த்து, "அங்க ஒரே கூடாரத்துல படுக்கப் போறது நீதான். யாரு வேணும் உனக்கு?" என்று கேட்டாள்.

கீதாஞ்சலி யோசிக்கவே இல்லை. "ரஞ்சிதக்கா" என்றாள்.

"உன்ன வெயில்ல வுட்டுட்டுப் போனவங்க" என்றாள் ஒருத்தி.

"ஆமா. ஆனா இன்னிக்கு வழி பூரா என்னத் திரும்பித் திரும்பிப் பாத்துனே வந்தாங்க" என்றாள் அந்தப் பெண். "அப்புறம், இவங்க நல்லா இருக்கேன்னு சொன்னா நான் நம்பலாம். மத்தவங்க சொன்னா நான் ராத்திரியெல்லாம் முழிச்சுனு பாத்துனு இருக்கணும்."

அருணா சிரித்தாள். ரஞ்சிதத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கீதாஞ்சலியின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். வேனில் ஏறிய பிறகும் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தேன்.

வைகாசியில் கிளம்பினாள். போளூருக்குப் போய் அங்கிருந்து ரயில் பிடிக்க வேண்டும். பெரிய பெட்டியோடு சின்னராசு காலை பஸ்ஸில் முன்னால் போனார். பெட்டிக்குள் சாமை மாவு உருண்டை, உப்புப் புளி, அவர் தன் கையால் மடித்து வைத்த கம்பளி. ஒன்றும் விளையாத மலைக்குப் போகிறவள் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அவர் வாதம். ரஞ்சிதம் பஸ் ஏறவில்லை. பழைய பாதையில் இறங்கி வருகிறேன், நீங்களும் வாங்கக்கா என்றாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் என் முட்டியைக் காட்டியிருப்பேன். அன்று போனேன். அவள் நடக்கப் பழகியதில் நானும் கொஞ்சம் பழகியிருந்தேன். ஆனால் வேகம் மட்டும் அதே எருமை வேகம்தான்.

முன்னால் நான், பின்னால் அவள். பொட்டு அழிந்து, தோல் மடிந்து, அவள் காலின் அகலத்துக்கே வந்துவிட்ட ஷூ. பாதி வழியில் புளியமரத்தடியில் காந்தாவின் கல் வந்தது. இத்தனை நாள் சுமை உரசி உரசிப் பலகைக்கல்லின் நடுப்பகுதி வழவழவென்று இருந்தது. ரஞ்சிதம் நின்றாள். முதுகுப் பையைக் கழற்றி அந்தக் கல்லின்மேல் வைத்தாள்.

"அதான் கீழயே வைக்கலாமே, நீயே ஏத்திக்கலாமே" என்றேன்.

"சும்மாதான்க்கா" என்றாள்.

நான் தள்ளிப் போய் நின்றேன். பையில் இருந்து பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாள். கல்லை ஒரு தடவை தடவிக் கொடுத்தாள். பிறகு குந்தாமல், தூக்கிவிட ஆள் கூப்பிடாமல், கல்லில் இருந்தே பையை முதுகுக்கு வாங்கிக்கொண்டாள்.

"போய்ட்டு வர்றேன் காந்தாக்கா" என்றாள். "தல வலிச்சா சொல்லிடறேன்."